தேய்ந்த முட்டியும் திருமலைப் படியும்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறக்குறைய 3,550 படிகள். காலிகோபுரம் தாண்டி, சமதளத்தில் சற்று இளைப்பாறி நடந்த பிறகு, கடைசியில் வரும் செங்குத்தான படிகளைத் தெலுங்கர்கள் மோகாள்ள பர்வதம் என்கிறார்கள், முழங்கால் மலை. 60 வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு நோய் உள்ளவர்களும் நடந்து வர வேண்டாம் என்று 2024-இல் தேவஸ்தானம் கேட்டுக்கொண்டது. ஆனாலும் புரட்டாசி வந்தால் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்கள் குறைவதில்லை. இன்னொரு பக்கம், எக்ஸ்ரேயில் “தேய்ந்துவிட்டது” என்று கேட்ட மாத்திரத்தில் நடப்பதையே விட்டுவிட்டு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிப்பவர்கள். இருவரையும் தவறவைப்பது ஒரே நம்பிக்கைதான்: தேய்மானம் என்பது ஒரே வேகத்தில் கீழ்நோக்கி இறங்கும் நேர்கோடு, வலியை அடக்கினால் சமாளிக்கலாம், முடியாவிட்டால் வெட்டுவதைத் தவிர வழியில்லை என்பது. நோயின் போக்கு அப்படி இல்லை.

முட்டியில் எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது, ரத்தக் குழாயும் கிடையாது. அது மெலிவதை நாம் உணர்வதே இல்லை. வலி வருவது அடியிலுள்ள எலும்பிலிருந்தும், மூட்டைச் சுற்றிய சவ்வின் அழற்சியிலிருந்தும்தான். அதனால்தான் படமும் வலியும் ஒத்துப்போவதில்லை. கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1957-இல் வகுத்த 0 முதல் 4 வரையிலான படிநிலையைத்தான் இன்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். மூன்றாம் நிலைப் படத்தோடு வீட்டு வேலை எல்லாம் செய்கிறவர்கள் உண்டு. முதல் நிலையிலேயே மாடிப்படி ஏற முடியாதவர்களும் உண்டு. பொதுவாக முதலில் படி இறங்கும்போதும் தரையிலிருந்து எழும்போதும் வலிக்கும். பிறகு காலையில் சற்று நேரம் இறுக்கம், அவ்வப்போது வீக்கம். பல ஆண்டுகள் கழித்து, சிலருக்கு மட்டும், கால் வில்லாக வளைந்து, படுத்திருக்கும்போதும் வலி விடாத நிலை வரும். பலருக்கு ஆண்டுக்கணக்கில் மாற்றமே இருக்காது. சில மாதம் வலி கூடும், பிறகு தணியும். வலி உச்சத்தில் இருக்கும் மாதத்தில்தான் ஊசியோ லேகியமோ வாங்குகிறோம். தானாகத் தணிந்ததன் பெருமை அதற்குப் போய்விடுகிறது.

தேய்ந்த மூட்டை மேலும் உழைக்க வைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. மூட்டுக்குள் கருவி பொருத்தி அளந்த ஆய்வுகளின்படி, படி ஏறும்போது முட்டியில் விழும் பாரம் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். இறங்கும்போது மூன்றரை மடங்கு. அறுபது கிலோ உடம்பென்றால் ஒவ்வொரு படி இறக்கத்திலும் இருநூறு கிலோவைத் தாண்டும். பழக்கமில்லாத முட்டியை ஒரே நாளில் ஆயிரக்கணக்கான படிகளுக்கு ஆளாக்குவது உடற்பயிற்சி ஆகாது. ஆனால் தினமும் சமதளத்தில் நடப்பதும், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் வலியைக் குறைக்கின்றன. எடையும் அப்படித்தான்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது. வேண்டுதலை எப்படி விடுவது என்பவர்களுக்கும் வழி உண்டு. 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி தரிசன ஒதுக்கீடு இருக்கிறது. முன்பதிவு செய்து பேருந்தில் போகலாம். முட்டி ஓரளவு தாங்கும், நடந்தே தீருவேன் என்றால், முன்கூட்டியே மாதக்கணக்கில் பழகிவிட்டு ஏறுங்கள். இறங்குவதையாவது பேருந்துக்கு விடுங்கள்.

“அறுவையைத் தள்ளிப்போட்டால் மோசமாகிவிடும்” என்று சொல்லி அவசரப்படுத்துவதுதான் அதிகம் கேட்கிற வாதம். சீழ் பிடித்த மூட்டுக்கும் எலும்பு முறிவுக்கும் அது சரி. முட்டி சூடாகி வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாதாரணத் தேய்மானத்தில் சில மாதப் பயிற்சியால் எதுவும் கைநழுவாது. முட்டிக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்யும் ஆர்த்ரோஸ்கோபி, வெறும் தோலைக் கீறித் தைத்த பொய் அறுவையைவிட மேலான பலன் தரவில்லை என்று 2002-இலேயே அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டு ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கு வலி உப்புநீர் ஊசியைவிடக் குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாக மெலிந்தது என்றது 2017 ஆய்வு. முட்டி மாற்று அறுவை அப்படிப்பட்டதல்ல. வளைந்து, தூக்கத்தையும் கெடுக்கும் முட்டிக்கு அது பெரும் விடுதலை. பொருத்தியவற்றில் பத்தில் எட்டு 25 ஆண்டு தாங்குகின்றன. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். படத்தை மட்டும் வைத்து அல்ல, வலியையும் நடக்க முடிவதையும் வைத்தே தேதி குறிக்க வேண்டும்.

அந்த முடிவு நோயாளியுடையது. மாற்று வழிகளையும் அபாயங்களையும் சொல்லாமல் வாங்கிய கையெழுத்து சம்மதம் ஆகாது என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. எக்ஸ்ரேயையும் குறிப்புகளையும் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002 விதி. அவற்றை எடுத்துக்கொண்டு இரண்டாவது கருத்துக் கேட்கலாம். திருப்பதியிலேயே தேவஸ்தானம் நடத்தும் பர்டு எலும்பு மருத்துவமனையும் ஸ்விம்ஸ் மருத்துவமனையும் இருக்கின்றன. செயற்கை முட்டிக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய், வரி தனி. பொருத்தும் பாகத்தின் பெயர், நிறுவனம், விலை பில்லில் தனியாக இருக்க வேண்டும். “பேக்கேஜ்” என்று ஒரே தொகையாகப் போட்டால் பிரித்துக் கேளுங்கள். 70 வயதானால் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 அக்டோபரிலிருந்து உண்டு. நீங்கள் போகும் மருத்துவமனையில் அது செல்லுமா என்பதைச் சேரும் முன் கேட்டுவிட வேண்டும்.

ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகாரைச் சொந்த ஊரிலேயே கொடுக்கலாம். திருப்பதியில் அறுவை செய்துகொண்ட வேலூர்க்காரர் வேலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. புகார் கொடுக்கக் கெடு, சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு.