பச்சை குத்தலும் பணி வாய்ப்பும்

பச்சை குத்திக்கொள்ளும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. நம் பாட்டிமாரின் முன்கைகளில் கோலமும் தேளும் உற்றார் பெயரும் அழியாதிருந்ததைக் கண்டிருக்கிறோம். மும்பையிலும் தில்லியிலும் வளரும் நம் இளைஞர் இன்று அதனையே ‘டாட்டூ’ என்று விரும்பி ஏற்கின்றனர். அதனைக் குற்றமெனக் கூற நாம் முன்வரவில்லை. ஆயினும், உத்தியோகம் தேடும் வேளையில் அது குறுக்கே நிற்கக்கூடும் என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை முதலியவற்றின் காவலர் தேர்வு விதிகள் மூன்று செய்திகளை நோக்குகின்றன: குத்தப்பட்டது யாது, எங்கே, எவ்வளவு பெரிது? சமயச் சின்னமும் பெயரும் ஏற்கப்படும். இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோ இருக்கலாம். வலது முன்கையில் ஆகாது, அது சல்யூட் செய்யும் கையன்றோ! அளவும் அவ்வுறுப்பின் நாலிலொரு பங்கிற்குக் குறைந்திருத்தல் வேண்டும். தரைப்படையும் முன்கையின் உட்புறத்தையும் புறங்கையையுமே அனுமதிக்கிறது. பழங்குடியினர்க்கு அவர்தம் மரபு கருதி விலக்கு உண்டு.

எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் வென்ற இளைஞன், மருத்துவப் பரிசோதனையில் ஒரு சிறு சித்திரத்தால் திருப்பி அனுப்பப்படுவது எத்துணை வருத்தத்திற்குரியது!

‘பின்னர் அழித்துக்கொள்ளலாம்’ என்பாரும் உளர். மை தோலின் மேற்பரப்பில் நில்லாது கீழடுக்கில் தங்குகிறது. லேசர் ஒளி அதனைத் துகள்களாக உடைக்க, உடல் அவற்றைச் சிறிது சிறிதாக அகற்றும். இதற்கு வாரக்கணக்கான இடைவெளியில் பல முறை சிகிச்சை வேண்டும். கருமையைவிடச் சில வண்ணங்கள் எளிதில் நீங்குவதில்லை. சிலருக்குத் தழும்பும் எஞ்சும். பரிசோதனை நாள் இதற்கெல்லாம் காத்திராது.

தனியார் துறையில் ஒரே விதி இல்லை. கணினி நிறுவனங்கள் பல இதனைப் பொருட்படுத்துவதில்லை. விமானப் பணியிலும் உயர்தர ஓட்டல்களிலுமோ சீருடைக்கு வெளியே தெரியும் பச்சையைப் பலர் விரும்புவதில்லை. கழுத்தும் விரலும் மறைக்கவொண்ணா இடங்கள். தோளும் முதுகும் அலுவலக உடையில் அடங்கிவிடும்.

வேலை கொடுப்போர்க்கும் ஒரு சொல்: ஒருவரின் திறமையையும் ஒழுக்கத்தையும் தோலின்மேல் தேடுதல் முறையன்று. எனினும், உலகம் அவ்வாறு எண்ணப் பழகும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்க இயலாது. ஆகவே, ஊசிக்குக் கை நீட்டுமுன் தாம் விரும்பும் பணியின் தேர்வு அறிவிப்பை ஒருமுறை படித்தறிக. விதிகள் அவ்வப்போது மாறுவன. பெற்றோரும் கடிந்துரையாது, அவ்வறிவிப்பைப் பிள்ளைகளுடன் அமர்ந்து படிப்பாராக.