டொரன்டோவில் இப்போது நேற்றா, இன்றா?

முள் வைத்த கைக்கடிகாரம் கட்டியிருப்பவர்கள் அதைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் லண்டன் நேரம் தெரியும். சென்னையில் இரவு 8.20 என்று வைத்துக்கொள்வோம். தலைகீழாக்கியதும், எட்டைத் தாண்டி நின்ற சின்ன முள் இரண்டைத் தாண்டி நிற்கும். நான்கில் இருந்த பெரிய முள் பத்துக்குப் போய்விடும். படித்தால் 2.50. லண்டனில் அப்போது பிற்பகல் 2.50தான்.

இதில் மந்திரம் ஏதுமில்லை. அரைச்சுற்று என்பது சின்ன முள்ளுக்கு ஆறு மணி நேரம், பெரிய முள்ளுக்கு முப்பது நிமிடம். ஆறில் அரை குறைந்தால் ஐந்தரை. கிரீனிச்சுக்கும் இந்தியாவுக்கும் உள்ள இடைவெளியும் அதே ஐந்தரை மணி நேரம். சின்ன முள் மட்டும் எப்போதும் அரை மணி பின்தங்கியே நிற்கும். அதனால் 8.50 மணிக்குத் திருப்பினால் அது மூன்றைத் தொடப்போகும் நிலையில் இருக்கும். அதை மூன்று தாண்டியதாகக் கொண்டு 3.20 என்று படிக்க வேண்டும். இந்த வித்தை அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை அப்படியே பலிக்கும். மற்ற மாதங்களில் பிரிட்டன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைத்துவிடுவதால், வந்த விடையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த அரை மணி எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அதாவது ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். சென்னை, கிரீனிச்சுக்குக் கிழக்கே சுமார் 80.25 டிகிரியில் இருக்கிறது. நான்கால் பெருக்கினால் 321 நிமிடம், அதாவது 5 மணி 21 நிமிடம். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வகத்தில் இருந்த ஜான் கோல்டிங்ஹாம், 1802-ல் இதைத் துல்லியமாகவே கணக்கிட்டார்: 5 மணி 21 நிமிடம் 14 விநாடி. ‘மெட்ராஸ் டைம்’ என்று பெயர் பெற்ற இந்த நேரத்தைத்தான் பிற்பாடு இந்திய ரயில்வே நாடு முழுக்கப் பயன்படுத்தியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தனித்தனி நேரம் இருந்த காலம் அது. வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

1906 ஜனவரி 1 அன்று, 82.5 டிகிரி தீர்க்கரேகையை ஆதாரமாக வைத்து இந்தியாவுக்குப் பொது நேரம் வந்தது. 82.5-ஐ நான்கால் பெருக்கினால் சரியாக 330 நிமிடம். மெட்ராஸ் ஏறத்தாழ ஒன்பது நிமிடத்தோடு தப்பியது. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தங்கள் பழைய நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த வரலாறு தெரியாவிட்டாலும் நேரத்தை மாற்றிவிடலாம். வழி எளிது. இரண்டு ஊர்களுக்கு இடையே நேரடியாகக் கூட்டிக் கழிக்காமல், நடுவில் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். விமானிகளும் வானிலை அறிக்கைகளும் சர்வதேச விண்வெளி நிலையமும் அந்த ஒரே நேரத்தில்தான் இயங்குகின்றன. முதலில் நம் ஊர் நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதி, 5.30-ஐக் கழிக்க வேண்டும். பிறகு எதிர் ஊருக்கு உரியதைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். விடை 24-ஐத் தாண்டினால் மறுநாள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் முந்தைய நாள்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் யாழ்ப்பாணத்தில், மகள் லண்டனில், மகன் டொரன்டோவில், சித்தப்பா சிட்னியில். ஈழத் தமிழர்களிடையே இதில் அதிசயம் எதுவுமில்லை. ஞாயிறு மாலை எல்லோரும் வீடியோவில் கூட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இரவு 7.30 வசதி என்றால், சிட்னியில் அது திங்கள் அதிகாலை 1 மணி. சித்தப்பா வர மாட்டார். மாலை 4.30 என்று வைத்தால் யுடிசி 11.00. பிப்ரவரியில் லண்டனுக்குக் கூட்டல் கழித்தல் இல்லை, காலை 11. டொரன்டோவுக்கு ஐந்தைக் கழிக்க காலை 6. சிட்னிக்குப் பதினொன்றைக் கூட்ட இரவு 10. “அம்மா, இஞ்ச இன்னும் விடியேல்லை” என்று மகன் முனகினாலும் நான்கு ஊர்களிலும் ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கும் நேரம் இது.

பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. 2025 மார்ச் 9 அன்று டொரன்டோ தன் கடிகாரத்தை முன்னே தள்ளியது. மகனுக்கு அதே அழைப்பு காலை 7 மணிக்கு வந்தது. மார்ச் 30 அன்று பிரிட்டன் தள்ளியது; மகளுக்கு நண்பகல் 12 ஆனது. தெற்கு அரைக்கோளத்தில் கோடை முடிந்து ஏப்ரல் 6 அன்று சிட்னி பின்னே இழுத்தது; சித்தப்பாவுக்கு இரவு 9. டொரன்டோவுக்கும் சிட்னிக்கும் 16 மணி நேரமாக இருந்த வித்தியாசம் நான்கே வாரத்தில் 14 ஆகச் சுருங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துச் சுவர்க்கடிகாரத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

வட அமெரிக்காவோடு வேலை செய்யும் ஐடி ஊழியர்களுக்கு இது ஆண்டுக்கு இருமுறை நேரும் பழக்கமான தொல்லை. நியூயார்க் காலை 9.30 மணிக் கூட்டம், குளிர்காலத்தில் சென்னைக்கு இரவு 8 மணி. மார்ச் இரண்டாம் ஞாயிறு கழிந்ததும் இரவு 7 மணி. ‘நம் கூட்டம் எந்த ஊர் மணிப்படி?’ என்று ஆரம்பத்திலேயே கேட்டுவைக்காதவர்கள்தான் அந்த வாரம் திண்டாடுகிறார்கள். வாராவாரம் நடக்கும் கூட்டத்துக்குச் சொந்த ஊர் ஒன்று இருந்தாக வேண்டும். அந்த ஊரில் மணி மாறாது, மற்றவர்களுக்கு மாறும்.

சூரியன் எங்கே இருக்கிறது என்பதைவிட, அரசு என்ன உத்தரவிடுகிறது என்பதுதான் கடிகாரத்தை அதிகம் அசைக்கிறது. மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை 1996 மே மாதம் ஒரு மணி முன்னே போனது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்வாங்கியது. 2006 ஏப்ரலில் பழையபடி ஐந்தரைக்கே திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்கவில்லை. ஆக, பத்து ஆண்டுக்காலம் ஒரே தீவில் இரண்டு மணி ஓடியது.

லெபனானில் இது சில நாள்களிலேயே நடந்தது. 2023 மார்ச் 26 அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் கோடை நேரம் தொடங்க வேண்டும். ரமலான் நோன்பு முடியும்வரை அதைத் தள்ளிப்போடுவதாக, இரண்டு மூன்று நாள்களுக்கு முன்புதான் அரசு அறிவித்தது. மரோனைட் திருச்சபையும் சில தொலைக்காட்சி நிலையங்களும் ஏற்க மறுத்து, வழக்கமான தேதியிலேயே கடிகாரத்தைத் தள்ளிவைத்தன. மணி என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். எதிர்ப்புக்குப் பணிந்த அமைச்சரவை, 29-ஆம் தேதி இரவே கோடை நேரத்துக்கு மாற முடிவெடுத்தது.

இப்படிப்பட்ட உத்தரவுகள் நம் கைபேசிக்கு எப்படித் தெரிகின்றன? உலக நேர விதிகளைத் திரட்டிவைக்கும் பொதுத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. 1980-களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. இப்போது பால் எகர்ட் ஒருங்கிணைக்கிறார். கைபேசிகளும் கணினிகளும் பெரும்பாலும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த நாள், எத்தனை மணிக்குக் கடிகாரத்தைத் தள்ளியது என்பதெல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். லெபனான் குழப்பத்தின்போது ஒரே வாரத்துக்குள் இரண்டு பதிப்புகளை வெளியிட வேண்டிவந்தது. அரசுகள் ஓராண்டு முன்னறிவிப்பாவது கொடுத்தால் இதைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

மணியோடு நிற்காமல் நாளையே கழற்றிப் போட்டவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வணிகம் செய்ய வசதியாக இருக்கும் என்று சமோவா தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்குத் தாவியது. 2011 டிசம்பர் 29 வியாழன் இரவு படுத்தவர்கள் 31-ஆம் தேதி சனிக்கிழமை எழுந்தார்கள், வெள்ளிக்கிழமையே இல்லை. பக்கத்திலிருக்கும் அமெரிக்க சமோவா தாவவில்லை. இன்று இரண்டு இடத்திலும் கடிகாரம் காட்டுவது ஒரே மணி, காலண்டரில் மட்டும் ஒரு நாள் வித்தியாசம். நம் ஊரில் செவ்வாய் மாலை 4 மணியாக இருக்கும்போது, கிரிபாட்டி நாட்டின் கிரிட்டிமாட்டித் தீவில் புதன் பிறந்து அரை மணி ஆகியிருக்கும். அமெரிக்க சமோவாவில் திங்கள் முடிய இன்னும் அரை மணி பாக்கி இருக்கும். ஒரே நொடியில் மூன்று கிழமைகள்.

கூட்டல் கழித்தலைவிட அதிகம் ஆளைக் கவிழ்ப்பவை சுருக்கெழுத்துகள். ‘ஐஎஸ்டி’ என்றால் நமக்கு இந்திய நேரம். இஸ்ரேலியருக்கும் அயர்லாந்துக்காரருக்கும் அவரவர் நேரம். ‘சிஎஸ்டி’ என்றால் சிகாகோவா, சீனாவா, கியூபாவா? ஜூலை மாதத்தில் ‘காலை 10 இஎஸ்டி’ என்று ஓர் அமெரிக்கர் எழுதினால், எழுத்துப்படி அது குளிர்கால நேரம், நமக்கு இரவு 8.30. ஆனால் கோடையில் அவர் ஊரில் ஓடுவது ‘இடிடி’ என்னும் கோடை நேரம். அவர் மனதில் இருப்பது நம் இரவு 7.30 மணிதான். ‘நியூயார்க் நேரம்’ என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

நள்ளிரவு இன்னொரு பொறி. ‘15-ஆம் தேதி இரவு 12.30 விமானம்’ என்பதை 15-ஆம் தேதி சாப்பாடு முடித்துக் கிளம்ப வேண்டியதாக எடுத்துக்கொண்டால் விமானத்தைக் கோட்டைவிட வேண்டியதுதான். டிக்கெட்டில் 00.30 என்று இருந்தால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

இப்போது கல்யாணப் பத்திரிகைகளில் நேரலை முகவரியும் அச்சாகிறது. திங்கள் காலை 6 மணி முகூர்த்தம் என்றால் ஜூன் மாதத்தில் டொரன்டோவில் அது ஞாயிறு இரவு 8.30, கலிபோர்னியாவில் ஞாயிறு மாலை 5.30. வெளிநாட்டு உறவினர் திங்கள் காலை எழுந்து பார்த்தால் பந்தியே முடிந்திருக்கும். பத்திரிகை அடிக்கக் கொடுப்பவர்கள் நேரலை முகவரிக்குக் கீழே ஊர், கிழமை, தேதி, மணி நான்கையும் சேர்த்து இரண்டு வரி போடச் சொல்லுங்கள்.