ஒழுகுற இடம் வேற... ஓட்டை வேற!

'டொக்!'

ராத்திரி ரெண்டு மணிக்கு இப்படி ஒரு சத்தம் கேட்டால் மற்றவர்கள் திருடனைத் தேடுவார்கள். நான் எழுந்து குண்டானைத் தேடினேன்.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த ராத்திரி. எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தை மழை புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது. ஆரணியில் கமண்டல நாகநதி என்று ஓர் ஆறு உண்டு. பெரும்பாலான நாட்களில் அதில் ஒரு கமண்டலம் ரொப்பக்கூடத் தண்ணீர் தேறாது. ஆற்றில் பார்க்க வேண்டியதை அன்றைக்கு எங்கள் ஹாலில் பார்த்தோம்.

ஹாலின் நடுவில் சித்தப்பாவின் குழித்தறி. தறிக்கு பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி, அதற்கு மேல் ஒரு பழைய குடையையும் விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நனையாமல் இருந்தது தறி. நனைந்துகொண்டிருந்தவர் சித்தப்பா.

"உள்ளே போய்ப் படுங்க சித்தப்பா..."

"மூணு புடவைக்குப் பாவுடா. ஒண்ணுதான் அறுத்திருக்கேன். கறை பட்டுச்சுன்னா முதலாளிக்கு நீயா பதில் சொல்லுவ?"

நான் ஏன் பதில் சொல்லப் போகிறேன்? ஆனால், அந்த ஒழுகலுக்கு நான்தான் காரணம்.

பட்டு இருக்கிறதே, ரொம்ப அழுத்தமான ஆள். தன் எடையில் சுமார் 30 சதவிகிதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும், தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரியே இருக்கும். இழை நொய்ந்துபோய் அறுந்து விழும்போதுதான் விஷயம் தெரியும். கூரையில் சொட்டுகிற தண்ணீரோ தறிக் குழிக்குள் இறங்கி, மிதிக்கட்டையோடு குடித்தனம் நடத்தும்.

அமெரிக்காவில் ஃபிராங்க் லாயிட் ரைட் என்று ஒரு பெரிய கட்டடக்கலை மேதை இருந்தார். அவர் கட்டிக்கொடுத்த மாளிகையில் விருந்து நடக்கும்போது வீட்டுக்காரர் தலைமேலேயே சொட்டியதாம். கோபமாகப் போன் போட்டவரிடம், 'நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்களேன்' என்றாராம் ரைட். இப்படி ஒரு கதை சொல்வார்கள். மேதைக்கென்ன, சொல்லிவிட்டார். குழித்தறியை எங்கே நகர்த்துவது? குழியையும் சேர்த்தா?

நான் செய்த புண்ணியம்

எங்களுடையது தாத்தா காலத்து மெத்தை வீடு. இன்ஜினீயர்கள் 'மெட்ராஸ் டெரஸ்' என்பார்கள். தேக்கு உத்திரம், அதன்மேல் வரிசையாகக் கட்டைகள், அதற்கு மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியாகத் தட்டோடு. இந்தத் தளம் மழையைக் கொஞ்சம் குடிக்கும். வெயில் வந்ததும் மூச்சு விட்டு வெளியேற்றிவிடும். எங்கள் தாத்தா மாதிரி, நிதானமான ஆசாமி.

2024 கோடையில் எனக்கு ஆசை வந்தது. பின்கட்டு ஓட்டுப் பகுதியை இடித்துக் கான்கிரீட் போட்டு, மாடியில் ஒரு ரூம் எழுப்பினோம். ஆட்கள் பழைய மெத்தைமேலேயே ஜல்லியைக் கொட்டி, அங்கேயே கலவை போட்டார்கள். நாலைந்து தட்டோடு விரிசல் விட்டது. "கவலையே படாதீங்க சார்" என்று கான்ட்ராக்டர் அதன்மேல் சிமென்ட் பூசி மெழுகிவிட்டார். பார்க்கப் பளபளவென்று இருந்தது. நானும் சந்தோஷமாகப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

ஆடி மாதம் முதல் சொட்டு. கான்ட்ராக்டர் வந்தார். தறிக்கு நேர் மேலே மாடியில் வாட்டர் புரூப் பெயின்ட் ரெண்டு கோட் அடித்தார். 14,000 ரூபாய். ஐப்பசியில் மறுபடி சொட்டு. மாடி முழுக்க இன்னொரு சிமென்ட் பூச்சு. 22,000 ரூபாய். அப்புறம்தான் ஃபெஞ்சல்.

புயலுக்கு மறுநாள் சித்தப்பா சாதாரணமாகச் சொன்னார்: "இந்தப் பாவு முடிஞ்சதும் தறியைப் பிரிச்சுடறேன்டா. உன் வீட்டு அழகு எதுக்கு என்னால கெடணும்?"

நாற்பது வருஷமாக அந்தக் குழியில் கால் வைத்து உட்கார்ந்த மனுஷர். அவர் தறிச் சத்தத்தில் பள்ளிக்கூடப் பாடம் படித்தவன் நான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

நான் பி.காம். கணக்கு எழுதப் படித்துவிட்டுக் கட்டுரை எழுதப் போனவன். ஆபீஸில் கணக்கு பார்க்கிற நண்பர்களுக்குத் தெரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், தப்பு கடைசி வரியிலா இருக்கும்? ஏதோ ஒரு பக்கத்தில், எவனோ ஒருவன் போட்ட என்ட்ரியில் இருக்கும். கண்டுபிடிக்கச் சோம்பல்பட்டு, வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் தள்ளிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவோம். நான் அடித்த 14,000 ரூபாய் பெயின்டும் அதே ஜாதிதான். சொட்டின இடத்துக்கு நேர் மேலே பூசினேனே தவிர, தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தேடவே இல்லை.

தேடிக் கொடுத்தவர் எழுபது வயசைத் தாண்டிய ஒரு கொத்தனார். வந்தவர் மாடிக்குப் போவார் என்று பார்த்தால், நேராகத் தறிப் பக்கம் போய்ச் சித்தப்பாவிடம் உட்கார்ந்துவிட்டார்.

"மழை ஆரம்பிச்சு எவ்வளவு நேரத்துல சொட்டுதுங்க?"

"ரெண்டு மணி நேரம் ஆகும்" என்றார் சித்தப்பா யோசிக்காமல்.

"மழை விட்ட பிறகு?"

"மறுநாள் மதியம் வரைக்கும் விடாது."

"மழை இல்லாத நாள்ல?"

"ஒரு பொட்டு கிடையாது."

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாதி வேலை முடிஞ்சுது தம்பி."

மழை வந்த உடனே சொட்டினால் ஓட்டை பக்கத்திலேயே இருக்கலாம். நேரம் கழித்து ஆரம்பித்து, மழை விட்டும் நிற்கவில்லை என்றால், தண்ணீர் எங்கோ தூரத்தில் நுழைந்து, தளத்துக்குள் தேங்கி, நடந்து வருகிறது. மழையே இல்லாமல் சொட்டினால் கூரையை விட்டுவிட்டுக் குழாயையும் டேங்கையும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். அஞ்சு மாசமாக அந்தச் சொட்டுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்த மனுஷருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாங்கள் யாருமே அவரைக் கேட்கவில்லை!

பாத்தி கட்டிப் பிடித்தோம்

பாவு முடிந்து, அடுத்த பாவு பிணைப்பதற்கு முந்தின இடைவெளியில் சோதனை. களிமண்ணால் வரப்பு கட்டி, மாடியில் சின்னச் சின்னப் பாத்தி. ஒரு சமயத்தில் ஒரு பாத்திக்கு மட்டும் தண்ணீர்.

"மொத்தமா ரொப்பிட்டா ஒரே நாள்ல தெரிஞ்சுடுமே?" என்றேன் புத்திசாலித்தனமாக.

"வீடே உக்காந்துடும், பரவாயில்லையா?" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக்குப் பத்து அடியில் ரெண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தினால் சுமார் 470 கிலோ! பழைய கட்டைகள் என்ன பாவம் செய்தன?

"சாயப்பட்டறையில கலர் வாங்கிக் கரைச்சு விட்டா..." என்று ஆரம்பித்தேன். சித்தப்பா பார்த்த பார்வையில் வாக்கியத்தை முடிக்கவில்லை.

முதல் பாத்தி, சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே. ஒரு நாள் முழுக்க நின்றது. கீழே சொட்டு இல்லை! பெயின்ட் செலவு கண்முன்னே ஆவியானது. ரெண்டாவது, மழைத் தண்ணீர் இறங்கும் குழாய் பக்கம். அங்கேயும் இல்லை. மூன்றாவது, பழைய மெத்தையும் புதுக் கான்கிரீட்டும் சேருகிற இணைப்பில். ரெண்டரை மணி நேரம் கழித்து...

'டொக்!'

இணைப்புக்கும் சொட்டுக்கும் எட்டடி தூரம். தண்ணீர் சுண்ணாம்புத் தளத்துக்குள் நுழைந்து, ஒரு கட்டையின் ஓரமாகவே ஊர்ந்து, தறிக்கு மேலே வந்து இறங்கியிருக்கிறது.

காரணத்தையும் பெரியவரே சொன்னார். கான்கிரீட் வெயிலில் ஒரு மாதிரி விரியும், சுண்ணாம்பும் மரமும் வேறு மாதிரி. ரெண்டையும் சிமென்ட் வைத்து இறுக்கி ஒட்டினால் முதல் கோடையிலேயே விரிசல்தான். புது ரூம் கூரைத் தண்ணீர் மொத்தமும் வேறு அந்த விரிசல்மேலேயே கொட்டியது. மேலே பூசின சிமென்டோ, உள்ளே போன ஈரத்தை மூச்சு விட விடவில்லை. மேலே போக வழியில்லாத தண்ணீர் கீழே வராமல் என்ன செய்யும்? போதாததற்கு அந்தப் பூச்சால் வாட்டமும் கெட்டு, தண்ணீர் குழாய்க்குப் போகாமல் இணைப்புப் பக்கமே திரும்பியிருந்தது. குழாய்க்குள் பார்த்தால், பாதி அடைப்பு. உள்ளே இருந்தது எங்கள் கலவைதான்.

2025 மாசியில் வேலை ஆரம்பித்தது. சிமென்ட் பூச்சைச் சுரண்டி எடுத்தோம். உடைந்த ஓடுகளை மாற்றி, அந்த இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுத் தட்டி, வாட்டத்தைக் குழாய்ப் பக்கம் திருப்பினோம். இணைப்பை வெட்டித் திறந்து, ரப்பர் மாதிரி இழுபடுகிற சீலன்ட் நிரப்பி, அதன்மேல் புதுச் சுவரிலிருந்து ஒரு வரிசை ஓட்டைக் குடை போல நீட்டிவிட்டார் பெரியவர். புது ரூம் தண்ணீருக்குத் தனிக் குழாய். மொத்தம் 31,000 ரூபாய். முந்தின 36,000? வராக்கடன்!

வீட்டை இடிச்சுக் கட்டப் போறீங்களா?

* பழைய மெத்தைமேல் ஜல்லி கொட்டவோ, கலவை போடவோ விடாதீர்கள்.

* கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையை உருட்டி மெழுகச் சொல்லுங்கள். அங்கே அரசங்கன்று முளைத்தால், வெட்டினால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும். பக்கத்துப் பூசிமலைக்குப்பத்தில் ஜாகீர்தார் மாளிகை சிதைந்து நிற்பதைப் போய்ப் பாருங்கள். செடிக்கு ஜமீன், சாமானியன் பேதம் கிடையாது.

* கட்டைகள் சுவருக்குள் நுழைகிற முனையைத் தட்டிப் பாருங்கள். சத்தம் 'பொத பொத' என்றால் மரம் உளுத்திருக்கிறது. முதலில் முட்டுக் கொடுங்கள், பெயின்ட் அப்புறம்.

* ஒழுகல் நின்று, தளம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்கூரைக்கு வெள்ளை. முதலிலேயே அடித்தால் தடயத்தை நாமே அழித்த மாதிரி.

* கடைசி பில்லில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகு செட்டில் பண்ணலாம்.

2025 ஐப்பசி. ராத்திரி ரெண்டு மணிக்கு நல்ல மழை. பழக்க தோஷத்தில் எழுந்து ஹாலுக்குப் போனேன். தறியில் புதுப் பாவு, அரக்கு நிறம். குடை இல்லை, ஷீட் இல்லை. பக்கத்தில் பாய் விரித்துச் சித்தப்பா நல்ல தூக்கம். தறியைப் பிரிக்கிற பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

திருப்தியாகத் திரும்பி வந்து படுத்தேன். "என்னங்க, சமையல்ரூம்ல ஏதோ சொட்டுற சத்தம் கேக்குதே..." என்றாள் மனைவி.

"மழைக்கு முன்னாடியே சொட்டுச்சா, பின்னாடியா?" என்றேன் கெத்தாக.

"குழாயை நீங்க சரியா மூடலை. போய் மூடிட்டு வாங்க!"