தே ஓ நிறத்தில் வந்த எச்சரிக்கை

சித்தப்பாவுக்குக் காசநோய் என்று உறுதியானபோது எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "நெஞ்சுச் சளி முத்திடுச்சு" என்றுதான் போனில் பேசிக்கொண்டார்கள். கேமரன் மலையில் 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலைக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு முப்பது வருடம் வாழ்ந்தவருக்கு அந்த நோயா என்று அம்மாவால் நம்பவே முடியவில்லை. கோலாலம்பூர் புகையில் கிடக்கும் எனக்கு வந்திருந்தால் நம்பியிருப்பார்.

சித்தப்பா தோட்டத்தில் மண்டோர். அவருக்குக் கீழே வேலை செய்த ஒரு பங்களாதேஷ் பையனுக்கும் அதே சமயத்தில் அதே நோய். இருவருக்கும் ஒரே கிளினிக்கில் ஒரே சிகிச்சை. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் என்ற நான்கு மருந்துகள் இரண்டு மாதத்துக்கு. பிறகு ஐசோனியாசிட்டும் ரிஃபாம்பிசினும் மட்டும் நான்கு மாதத்துக்கு. உலகின் பெரும்பாலான நாடுகளில் இதுதான் வழக்கம்.

முதல் நாளே சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசினின் நிறம் என்று கிளினிக் மிஸ்ஸி முன்கூட்டியே சொல்லியிருந்தார். கடைசியில் "ஜாகா ஹாத்தி" என்றும் சொல்லி அனுப்பினாராம். மலாயில் ஹாத்தி என்றால் கல்லீரல். ஆனால் பேச்சு வழக்கில் ஜாகா ஹாத்தி என்றால் மனம் நோகாமல் பார்த்துக்கொள் என்று பொருள். சித்தப்பா இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டார். "நல்ல புள்ளடா, ஆறுதலா பேசுனா" என்று என்னிடம் மெச்சிக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் சோறு இறங்கவில்லை. சாம்பார் வாசம் பட்டாலே குமட்டல். "மருந்து சூடுடா தம்பி, உடம்பைக் காய வைக்குது" என்றார். சிறுநீர் இன்னும் கறுத்துத் தே ஓ நிறத்துக்கு வந்தபோதும் அவர் கவலைப்படவில்லை. மருந்தின் நிறம் என்று மிஸ்ஸிதான் சொல்லியிருக்கிறாரே! ஒரு நாள் காலை வாசலில் வெயிலில் நின்றவரின் கண்ணைப் பார்த்துச் சித்திதான் கத்தினார். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். சித்தப்பா மாத்திரையை நாக்கின் அடியில் ஒதுக்கி, சித்தி திரும்பியதும் துப்ப ஆரம்பித்தார். இப்படி நான்கு நாள். ஐந்தாம் நாள் வாந்தி நிற்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

மஞ்சள் காமாலை வந்ததும் மாத்திரையை நிறுத்தியது சரிதான். மருத்துவரும் அதைத்தான் செய்தார். யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியதுதான் தவறு. இரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி பல மடங்கு ஏறியிருந்தது. அறிகுறியோடு மூன்று மடங்கைத் தாண்டினாலே, அறிகுறி இல்லாவிட்டால் ஐந்து மடங்கைத் தாண்டினால், கல்லீரலைக் கெடுக்கும் மருந்துகளை நிறுத்திவிட வேண்டும் என்பது மருத்துவ விதி.

படுக்கையில் கிடந்தபடி சித்தப்பா கேட்டது ஒரே கேள்விதான். "அந்தப் பையனும் இதே மாத்திரையைத்தானே போடுறான்? அவன் லோரியில சாக்கு ஏத்துறான். எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் படிக்க ஆரம்பித்தேன்.

ஐசோனியாசிட் காசநோய்க்கு மருந்தாக வந்தது 1952இல். சில ஆண்டுகளிலேயே ஒரு விநோதம் தெரிந்தது. ஒரே அளவு கொடுத்தாலும் சிலர் இரத்தத்தில் அது சீக்கிரம் கரைந்துவிடுகிறது, சிலருக்கு நெடுநேரம் தங்குகிறது. 1960இல் பிரைஸ் எவன்ஸும் அவருடைய குழுவினரும் 53 குடும்பங்களைச் சேர்ந்த 267 பேருக்கு மருந்தைக் கொடுத்து, ஆறு மணி நேரம் கழித்து இரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று அளந்தார்கள். இந்த வேகம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது என்று அதில் தெளிவானது. அதைத் தீர்மானிக்கும் மரபணு எட்டாவது குரோமோசோமில் இருக்கிறது. பெயர் நாட்-2. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இரண்டுமே மெதுவான வகையாக அமைந்தால் ஆள் "மெது ரகம்".

இந்த மரபணு உண்டாக்கும் நொதி கல்லீரலில் இரண்டு வேலை செய்கிறது. ஐசோனியாசிட்டை உடைக்க வழி செய்வது ஒன்று. அந்த வழியில் உண்டாகும் நச்சுத் துணுக்குகளையும் பிடித்துத் தீங்கற்றதாக்குவது இன்னொன்று. மெது ரகத்தாருக்கு இந்த இரண்டாவது வேலை தேங்கிப்போகிறது. வீட்டில் குப்பை சேர்வதைவிட அள்ளுவது தாமதமானால் என்ன ஆகுமோ அதுதான். 1970களில் விஞ்ஞானிகள் சிலர் இதை நேர்மாறாக நினைத்தார்கள், வேக ரகத்தாருக்குத்தான் ஆபத்து என்று. அடுத்து வந்த ஆய்வுகள் அதைத் திருப்பிப் போட்டன. கிளினிக் மிஸ்ஸி சொன்னதைச் சித்தப்பா தவறாகப் புரிந்துகொண்டதை நான் பெரிதாகக் குறை சொல்வதில்லை.

இந்தக் கதையில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் சென்னை. 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். நெரிசலான வீடுகளில் வாழும் ஏழை நோயாளிகளுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தாலும், சானடோரியத்தில் படுக்க வைத்து நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் கொடுத்தவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று 1959இல் உலகுக்குக் காட்டியவர்கள் அவர்கள். மலைக்காற்று மருந்தல்ல, மாத்திரைதான் மருந்து. அம்மாவுக்கு இதைச் சொன்னேன். அவ்வளவாக ரசிக்கவில்லை.

அதே மையம்தான் தமிழ் நோயாளிகளிடம் இந்த வேகத்தையும் அளந்தது. மெது ரகத்தாருக்குக் கை கால் எரிச்சலும் மரப்பும் கூடுதலாக வருவதையும், சிறிதளவு பி6 வைட்டமின் அதைத் தடுப்பதையும் கண்டார்கள். வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது வேக ரகத்தாருக்கு அது போதாமல் போனது. ஆக, மெது ரகம் என்பது சாபம் ஒன்றுமில்லை. மருந்து உடம்பில் தங்கி நின்று கிருமியோடு கூடுதல் நேரம் சண்டை போடுகிறது.

தென்னிந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மெது ரகம். ஜப்பானியரில் பத்தில் ஒருவர்தான் அப்படி. கங்காணிகள் அழைத்துவந்த நம் பாட்டன் பூட்டிகள் தகரப் பெட்டியோடு இதையும் சேர்த்தே கப்பல் ஏற்றி வந்திருக்கிறார்கள். ஆனால் வங்காளியான அந்தப் பையனும் மெது ரகமாக இருக்கக்கூடும். ஒரு சமூகத்தின் கணக்கை வைத்து ஒரு ஆளைச் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் மாத்திரை கொடுக்கும் முன் மரபணுவைப் பார்த்துவிட்டால் என்ன? ஜப்பானில் பார்த்தார்கள். 2013இல் வெளியான ஆய்வு, 172 நோயாளிகள். மெது ரகத்தாருக்கு ஐசோனியாசிட் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள், வேக ரகத்தாருக்கு ஒன்றரை மடங்காக்கினார்கள். அளவு குறைக்கப்பட்ட மெது ரகத்தாரில் ஒருவருக்கும் கல்லீரல் கெடவில்லை. வழக்கமான அளவே எடுத்த மெது ரகத்தாரில் பெரும்பாலோருக்குக் கெட்டது. இது நல்ல செய்திதான், ஆனால் அந்தப் பிரிவுகளில் இருந்தவர்கள் சிலரே. நம் கிளினிக்குகளில் இந்தச் சோதனை வழக்கத்தில் இல்லை. பக்கத்துச் சிங்கப்பூரில் வலிப்பு மருந்தான கார்பமாசெபின் கொடுக்கும் முன் வேறொரு மரபணுவைச் சோதிப்பது 2013இலிருந்து நடைமுறையாகிவிட்டது. எனவே முடியாத காரியம் அல்ல.

தயக்கத்துக்கும் காரணம் உண்டு. மெது ரகத்தாரில் பெரும்பாலோர் ஒரு குறையுமின்றிச் சிகிச்சையை முடிக்கிறார்கள். வயது, மது, ஹெப்பாடிட்டிஸ் பி, சத்துக்குறைவு, இன்னும் சில மரபணுக்கள் எல்லாம் சேர்ந்தே கல்லீரலைச் சாய்க்கின்றன. பைரசினமைடும் கல்லீரலைக் கெடுக்கும், அதற்கும் நாட்-2க்கும் சம்பந்தமே இல்லை. "உனக்கு ஆகாத மரபணு" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், மாத்திரையைத் துப்ப நம் ஆட்களுக்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும் என்பது என் சொந்தப் பயம். மலேசியாவில் ஆண்டுக்கு 25 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் காசநோய் வருகிறது, இரண்டாயிரத்துக்கு மேல் இறக்கிறார்கள். மருந்தைவிட நோய்தான் பெரிய கொலைகாரன்.

ஆகவே இப்போதைக்குக் கண்தான் சோதனைக் கருவி. மாத்திரை போடுபவருக்குப் பசி போய்விட்டதா, குமட்டுகிறதா, வலப்பக்க விலாவின் கீழே வலிக்கிறதா, விழி மஞ்சளா என்று பாருங்கள். ரிஃபாம்பிசின் நிறம் ஆரஞ்சுச் சாறு போல இருக்கும். தே ஓ போல ஆனால் அது வேறு. அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். கீழாநெல்லியோ வேறு எதுவோ குடித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சித்தப்பாவுக்கு நொதி அளவு இறங்கச் சில வாரங்கள் ஆயின. பிறகு ஒவ்வொரு மருந்தாக, முதலில் ரிஃபாம்பிசின், அடுத்து ஐசோனியாசிட் என்று இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்கள். பைரசினமைடை மட்டும் திரும்பக் கொடுக்கவில்லை. அதனால் ஆறு மாதச் சிகிச்சை ஒன்பது மாதமானது. அவருக்கு எந்த மருந்து தீங்கு செய்தது, அவர் மெது ரகமா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. யாரும் சோதிக்கவில்லை.

வீட்டில் எல்லாரையும் கிளினிக்கில் பரிசோதித்ததில் சித்தப்பா மகனுக்கு உள்ளே கிருமி உறங்குவது தெரிந்து, மூன்று மாதத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். ஐசோனியாசிட்டும் ரிஃபாம்பிசினும். அப்பாவுக்கு நடந்ததை அவன் முதலிலேயே சொல்லிவிட்டான். மருத்துவர் அதைக் கோப்பில் எழுதி, மாத்திரைக்கு முன்பும் பின்பும் கல்லீரல் பரிசோதனைக்கு நாள் குறித்தார்.

இரண்டாவது வாரம் இரவு பதினொரு மணிக்கு அவனிடமிருந்து வாட்சாப்பில் ஒரு படம் வந்தது. ஒரு பிளாஸ்டிக் கப். கீழே கேள்வி: "அண்ணே, இது ஆரஞ்சா, தே ஓவா?"

ஆரஞ்சுதான்.