வேளாண் இயந்திரங்களுக்கான உறைதடுப்பி

உறைதடுப்பி என்பது, நீருடன் கலக்கும்போது அதன் உறைநிலையைத் தாழ்த்திக் கொதிநிலையை உயர்த்தும் வேதிப்பொருள் ஆகும். உழவு இயந்திரம், கூட்டு அறுவடை இயந்திரம், பாசன நீரேற்றி முதலியவற்றின் எந்திரங்களைக் குளிர்விக்கும் நீர்மத்தில் இது சேர்க்கப்படுகின்றது. பெரும்பாலான உறைதடுப்பிகளின் அடிப்படைப் பொருள் எத்திலீன் கிளைக்கால் ஆகும். இதனைத் தெரிவு செய்யும்போது நிறத்தை விட, இதனுடன் சேர்க்கப்பட்டுள்ள அரிப்புத் தடுப்பிகளையே கருத்தில் கொள்ள வேண்டும்.

தேவை

நீர் பனிக்கட்டியாக மாறும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9% கூடுகின்றது. இவ்விரிவு வார்ப்பிரும்பாலான எந்திரத்தையும் பிளக்க வல்லது. கனடாவின் சஸ்காச்சுவான், மானிட்டோபா மாகாணங்களில் குளிர்கால வெப்பநிலை சில வேளைகளில் −40 பாகை செல்சியசு வரை தாழ்வதுண்டு. அறுவடைக்குப் பின் அங்கு மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் இயந்திரத்தில் வெறும் நீர் இருப்பின் எந்திரம் பழுதாகிவிடும். உறைபனி இல்லாத நாடுகளிலும் கொதித்தலையும் துருவையும் தடுக்க இக்கலவை பயன்படுகின்றது.

கலவை விகிதம்

தூய எத்திலீன் கிளைக்கால் ஏறத்தாழ −13 பாகை செல்சியசிலேயே உறைந்துவிடும். சம அளவு நீருடன் கலந்தால் உறைநிலை −37 பாகை அளவுக்கும், 60% செறிவில் −50 பாகை அளவுக்கும் தாழ்கின்றது. செறிவு 70 விழுக்காட்டை வெகுவாகத் தாண்டினால் உறைநிலை மீண்டும் உயர்கின்றது. கிளைக்கால் நீரை விடக் குறைவாகவே வெப்பத்தை ஏற்பதால் குளிர்விப்பும் குன்றும். ஆகவே, மிகுதியாகச் சேர்த்தால் மிகுந்த பாதுகாப்பு என்பது தவறான கருத்தாகும். கடின நீரிலுள்ள உப்புக்கள் படிவுகளை உருவாக்குவதால், காய்ச்சி வடித்த நீரையே கலத்தல் வேண்டும்.

டீசல் எந்திரங்களில் குழி விழுதல்

பெரிய டீசல் எந்திரங்கள் பலவற்றில், உந்துதண்டு இயங்கும் உருளையின் வெளிச்சுவரைக் குளிர்விப்பு நீர்மம் நேரடியாகத் தொடுகின்றது. எரிதலின்போது இச்சுவர் அதிர்வதால் நீர்மத்தில் நுண்ணிய ஆவிக் குமிழிகள் தோன்றி உடைகின்றன. இடைவிடாத இவ்வுடைவு உலோகத்தைக் குடைந்து, இறுதியில் சுவரைத் துளைத்துவிடக் கூடும். அப்போது நீர்மம் உருளைக்குள் கசியும். நைத்திரைட்டு அல்லது அதற்கு ஈடான சேர்பொருட்கள் உலோகத்தின் மேல் காப்புப் படலத்தை உருவாக்கி இதனைத் தடுக்கின்றன. மகிழுந்துகளுக்கான உறைதடுப்பிகள் பலவற்றில் இப்பாதுகாப்பு போதிய அளவு இருப்பதில்லை.

தெரிவு செய்தல்

- எந்திரக் கையேட்டில் குறிக்கப்பட்ட தர எண்ணைப் பின்பற்ற வேண்டும். ஏஎஸ்டிஎம் தரங்களுள் டி 3306 மகிழுந்துகளுக்கும் இலகு ஊர்திகளுக்கும், டி 6210 கனரக எந்திரங்களுக்கும் உரியன.
- நிறம் வகையைக் காட்டாது. ஒரே நிறத்தை வெவ்வேறு உற்பத்தியாளர்கள் வெவ்வேறு வகைகளுக்கு இடுகின்றனர்.
- கனிம, கரிம அமிலத் தடுப்பிகளைக் கொண்ட வகைகளை ஒன்றோடொன்று கலத்தல் ஆகாது. கலந்தால் பாதுகாப்புக் குறையும். சில வேளைகளில் கூழ் போன்ற படிவும் உண்டாகும்.
- உறைநிலையை ஒளிவிலகல்மானியாலும், தடுப்பிகளின் அளவைச் சோதனைத் தாள்களாலும் அறியலாம். உறைநிலை சரியாக இருப்பினும் தடுப்பிகள் தீர்ந்துபோயிருக்கக் கூடும் என்பதால் இரண்டையும் சோதித்தல் வேண்டும்.

நச்சுத்தன்மை

எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நச்சுப்பொருள். உடலில் இது ஒட்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகங்களைப் பாதிக்கின்றது. சிந்திய நீர்மத்தை நாய்களும் கால்நடைகளும் குடித்து இறக்க நேரிடலாம். எனவே பழைய நீர்மத்தை நிலத்திலோ வாய்க்காலிலோ ஊற்றக்கூடாது. நச்சுத்தன்மை குறைந்த புரொப்பிலீன் கிளைக்கால் ஒரு மாற்றாகும். சம அளவுக் கலவையில் இதன் உறைநிலை சற்றே உயர்வானது.