சீறாப்புராணத்தில் அரபு நிலம்: பெயர்ப்பும் புனைவும்

ஆரணியின் பட்டுக்கடைகளில் புடவைக்கு வரவேண்டிய தொகையைப் ‘பாக்கி’ என்பர். அதனைத் திரட்டுவது ‘வசூல்’. இரண்டும் அரபு வேருடையன. பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியே ஆட்சி வழக்காக வந்து தமிழில் நிலைத்தவை. நெடுங்காலம் ஜாகீராக விளங்கிய ஊரில் இச்சொற்கள் அயலாகத் தோன்றாதது இயல்பே. ஆனால் அரபு மொழி தமிழுக்கு வந்த வழி இஃதொன்றன்று. இலக்கியத்தின் வழியும் ஒன்றுண்டு. சொற்களோடு ஒரு நிலத்தையே பெயர்க்க வேண்டியிருந்தமையால் அவ்வழி கடினமானது.

17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் வரலாற்றைக் கூறுவது. ‘சீறா’ என்பதே வரலாறு எனப் பொருள்படும் ‘சீறத்’ என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். வள்ளல் சீதக்காதி புலவரை ஆதரித்தார் என்றும், அரபு மூலச்செய்திகள் சதக்கத்துல்லா அப்பா வழியே கிடைத்தன என்றும் மரபு கூறும். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் காண்டப் பெயர்களும் அரபு. படலப் பகுப்போ தமிழ்க் காப்பிய முறை.

இந்நூலின் நாட்டுப் படலத்தில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. வற்றாத ஆறே இல்லாத அரபு நாட்டில் இவை எவ்வாறு நிகழும்? இதனைப் பிழை என்று கொள்வது எளிது. ஆயினும், மலை, கடல், நாடு, நகர் முதலியவற்றின் வருணனையைப் பெருங்காப்பியத்துக்கு உரியதாகத் தண்டியலங்காரம் கூறுகிறது. தமிழ்க் காப்பியங்களில் நாட்டின் சிறப்புக்கு மருத வளமே அடையாளம். ஆகவே புலவர் பெயர்த்தது அரபு நாட்டின் தோற்றத்தை அன்று, அதன் மதிப்பை.

அவர் பாலையை அறியாதவரும் அல்லர். ‘சுரத்திற் புனலழைத்த படலம்’ என்னும் தலைப்பே இதற்குச் சான்று. சுரம் என்பது சங்கப் பாடல்களில் நீரற்ற பாலைவழியைக் குறிக்கும் சொல். அரபுப் பாலைவனத்துக்குத் தமிழிலேயே ஓர் இணை உண்டென அவர் கண்டுகொண்டார். இவ்விடத்தைக் கருதாது நாட்டுப் படலத்தை மட்டும் கொண்டு அவரை மதிப்பிடுதல் முறையன்று. எனினும், தொடக்கத்திலேயே நிலம் செழித்துவிடுவதால் பின்வரும் நீர்வேட்கையின் கடுமை சற்றுக் குறைகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அரபுத்தமிழ் இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டது. அதில் மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத ப, ட போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளியிட்டுப் புதிய வடிவங்கள் ஆக்கப்பட்டன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் இவ்வெழுத்தில் சமய நூல்கள் இயற்றினர். அரபுச் சொற்கள் ஒலி திரியாது நின்றன. ஆனால் அவ்வெழுத்தைக் கற்றவரே நூலைப் படிக்க இயன்றது. காப்பியம் தமிழ்ப் புலவர் அவையை நாடியது. அரபுத்தமிழ் மதரசாவையும் இல்லத்தையும் நாடியது. இன்று அரபுத்தமிழ் படிப்போர் அருகிவிட்டமையால், அந்நூல்களைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதும் பணி இரண்டாம் மொழிபெயர்ப்புக்கு நிகரான உழைப்பை வேண்டி நிற்கிறது.