மூன்று படியும் ஒரு படியும்

தமிழ்நாட்டில் தேர்தல் வாக்குறுதிகளைப் பற்றிய எந்தப் பேச்சும் 1967-ஆம் ஆண்டின் அரிசிக்கு ஒருமுறையேனும் போய் வராமல் முடிவதில்லை; ஆனால் போகிறவர்கள் அந்த வாக்குறுதியின் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவதே வழக்கமாக இருக்கிறது. உணவுத் தட்டுப்பாடு நாட்டை வாட்டிய அக்காலத்தில், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று திராவிட முன்னேற்றக் கழகம் அறிவித்தது. படி என்பது தானியத்தை முகந்து அளக்கும் பழைய அளவை. அந்த அறிவிப்போடு சேர்ந்து ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற முழக்கமும் மேடைகளில் ஒலித்தது. ஆட்சியில் அமர்ந்த அண்ணாவின் அரசு, ரூபாய்க்கு ஒரு படி என்ற திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. நிதிச்சுமை காரணமாக அது மாநிலம் முழுவதற்கும் பரவவில்லை. மூன்று படி எங்கே என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். நிச்சயம் என்றது வந்துவிட்டதே என்று ஆதரித்தவர்கள் விடையிறுத்தார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது இங்கே நோக்கமில்லை. தன் வாக்குறுதியில் எந்தப் பகுதி கனவு, எந்தப் பகுதி கடன் என்று ஒரு கட்சி தானே கோடு கிழித்துக் காட்டியது என்பதும், பின்வந்த தேர்தல் அறிக்கைகளில் அந்தக் கோடு ஏறக்குறைய அழிந்துவிட்டது என்பதும், அழிந்த கோட்டைத் தேடிக் கேட்கும் பொறுப்பிலிருந்து செய்தித்துறை பெரும்பாலும் நழுவிக்கொண்டது என்பதுமே கவனத்துக்குரியவை.

தேர்தல் அறிக்கை என்பது, ஆட்சி கிடைத்தால் என்ன செய்வோம் என்று ஒரு கட்சி வாக்காளர்முன் வைக்கும் எழுத்துவடிவ உறுதிமொழி. அதிபர் ஆட்சிமுறை உள்ள அமெரிக்காவிலும் இலங்கையிலும் ஒரு தனிமனிதரை முன்னிறுத்தியே வாக்குக் கேட்கப்படுவதால், வாக்குறுதி அந்த வேட்பாளரின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் சட்டப்படி நடப்பவை 234 தொகுதிகளுக்கான தனித்தனிப் போட்டிகள்; ‘முதல்வர் வேட்பாளர்’ என்ற சொல் அரசமைப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆயினும் சுவரொட்டியிலும் திரையிலும் இரண்டு மூன்று முகங்களுக்கு இடையிலான போட்டியாகவே தேர்தல் நடப்பதால், அறிக்கையும் அந்த முகத்துக்கு உரியவரின் சொந்த வாக்காகவே மதிக்கப்படுகிறது.

இத்தகைய சொற்கள் பிறக்கும் இடங்களில் சென்னையின் ராயப்பேட்டைக்குத் தனி இடம் உண்டு. முன்பு லாயிட்ஸ் சாலை என்று வழங்கிய அவ்வை சண்முகம் சாலையில் அ.தி.மு.க.வின் தலைமைக் கழகமும், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் காங்கிரசின் சத்தியமூர்த்தி பவனும் இருக்கின்றன. தினமணியும் இந்தியன் எக்ஸ்பிரசும் பல பத்தாண்டுகள் இயங்கிவந்த எக்ஸ்பிரஸ் எஸ்டேட் வளாகமும் இந்த வட்டாரத்தில்தான் இருந்தது; அங்கே இப்போது எக்ஸ்பிரஸ் அவென்யூ என்னும் வணிக வளாகம் நிற்கிறது. தேனாம்பேட்டையில் உள்ள தி.மு.க.வின் அண்ணா அறிவாலயமும் தொலைவில் இல்லை. வாக்குறுதி எழுதப்படும் அறையும் அது செய்தியாகும் மேசையும் இவ்வளவு அருகருகே அமைந்த ஊரில், இரண்டுக்கும் இடையே நடந்திருக்க வேண்டிய குறுக்கு விசாரணை மட்டும் அரிதாகவே நடந்தது என்பது சற்று விந்தைதான்.

2006-ஆம் ஆண்டுத் தேர்தல் இதற்குத் தெளிவான சான்று. அத்தேர்தலின் கதாநாயகன் தி.மு.க.வின் தேர்தல் அறிக்கையே என்று ப. சிதம்பரம் வருணிக்க, செய்தித்தாள்கள் அந்த உவமையை விடாமல் பற்றிக்கொண்டன. கிலோ 2 ரூபாய்க்கு அரிசி, கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி, வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி, நிலமற்ற உழவுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 2 ஏக்கர் நிலம் ஆகியவை ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நின்றாலும், அவற்றின் இயல்பு வேறுவேறு. கடன் தள்ளுபடி ஒரு கையெழுத்தில் தொடங்கிவிடக்கூடியது. தொலைக்காட்சிப் பெட்டி ஒருமுறை வாங்கிக் கொடுத்தால் முடிந்துவிடும் செலவு. அரிசி மானியம் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் செலவு. நிலமோ பணத்தால் மட்டும் ஆவதன்று, கொடுப்பதற்கு உழக்கூடிய தரிசு இருக்க வேண்டும். அரிசியும் கடன் தள்ளுபடியும் ஆட்சி ஏற்றவுடன் வந்தன. பெட்டிகள் ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேலாக வழங்கப்பட்டன. நிலத் திட்டம் மட்டும் தொடங்கிய வேகத்தில் தொடரவில்லை. நான்கில் மிகக் கடினமான வாக்குறுதியைப் பற்றியே மிகக் குறைவாகக் கேட்கப்பட்டிருந்தது. கேலிச்சித்திரத்துக்கு ஏற்றது பெட்டிதானே.

2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று பட்டியல் நீண்டபோது விவாதம் நீதிமன்றத்துக்குப் போனது. சுப்பிரமணியம் பாலாஜி என்பவர் தொடுத்த வழக்கில், நீதிபதிகள் ப. சதாசிவமும் ரஞ்சன் கோகோயும் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது. தேர்தல் அறிக்கையில் ஒரு கட்சி தரும் வாக்குறுதி, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு சொல்லும் ‘ஊழல் நடவடிக்கை’, அதாவது வேட்பாளர் வாக்காளருக்குக் கையூட்டுத் தருவது போன்ற குற்றம் ஆகாது என்று நீதிமன்றம் கூறியது. அதே வேளையில் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. அதன்படி 2014-இல் தேர்தல் நடத்தை விதிகளில் ஒரு புதிய பகுதி சேர்க்கப்பட்டது. வாக்குறுதிக்கான காரணத்தையும், அதற்கான பணம் எவ்வழியில் திரட்டப்படும் என்பதையும் பொதுப்படையாகவேனும் அறிக்கை சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். இந்த விதியை முழுமையாகப் பின்பற்றவில்லை என்று 2016-இல் இரு பெரும் திராவிடக் கட்சிகளிடமும் ஆணையம் அதிருப்தி தெரிவித்தது. ‘இலவசமா, நலத்திட்டமா’ என்ற பட்டிமன்றத்துக்கு நாளிதழ்கள் கொடுத்த பக்கங்களோடு ஒப்பிட்டால், எங்கிருந்து பணம் என்று கேட்ட இந்த விதிக்குக் கிடைத்த இடம் சிறிது. முதற்கேள்வி கொள்கை சார்ந்தது. ஆளுக்கொரு விடை சொல்லி என்றும் நீட்டிக்கொண்டே போகலாம். இரண்டாவது கேள்விக்கு எண்ணால் விடை சொல்ல வேண்டும்.

2021 மார்ச்சின் இரண்டாம் வாரம் இந்த வேறுபாட்டைத் துலக்கமாகக் காட்டியது. இல்லத்தரசிகளின் உழைப்புக்கு ஊதியம் என்ற கருத்தை மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன் முந்தைய டிசம்பரிலேயே முன்வைத்திருந்தார். மார்ச் 7 அன்று திருச்சியில் மு.க. ஸ்டாலின் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார். மறுநாள், மகளிர் நாளன்று, எடப்பாடி பழனிசாமி மாதம் 1,500 ரூபாயும் ஆண்டுக்கு 6 எரிவாயு உருளைகளும் என்று அறிவித்தார். தங்கள் யோசனை முன்கூட்டியே கசிந்துவிட்டது என்று பழனிசாமி கூற, யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதே அவ்வாரத்தின் பெருஞ்செய்தியாயிற்று. தொடர்ந்து 13-ஆம் தேதி தி.மு.க. 505 வாக்குறுதிகளோடும், 14-ஆம் தேதி அ.தி.மு.க. 163 வாக்குறுதிகளோடும் அறிக்கை வெளியிட்டபோது, எண்ணிக்கைகளே தலைப்புகளாயின. குடும்ப அட்டைகள் ஏறத்தாழ 2 கோடி. மாதம் 1,000 என்றால் ஆண்டுக்கு 24,000 கோடி ரூபாய், 1,500 என்றால் 36,000 கோடி. ஒரு துண்டுத் தாளில் முடிந்துவிடும் இந்தப் பெருக்கலைச் செய்து, எல்லா அட்டைகளுக்குமா, சில அட்டைகளுக்கா என்ற அடுத்த கேள்வியை இரு தலைவர்களிடமும் அன்றே அழுத்திக் கேட்டிருக்கலாம். வாக்கு எண்ணிக்கை மே 2-இல் முடிந்தது. மாநிலத்தின் நிதிநிலை குறித்த வெள்ளை அறிக்கையை, அதாவது வரவு, செலவு, கடன் ஆகியவற்றின் உண்மை நிலையை அரசே விவரிக்கும் ஆவணத்தை, நிதியமைச்சர் பழனிவேல் தியாகராசன் ஆகஸ்ட் 9-இல் வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாக அது கணக்கிட்டது. கல்யாணம் முடிந்தபின் சீர்வரிசைக் கணக்குப் பார்ப்பதுபோல, கணக்கு வாக்குக்குப் பின்னால் வந்தது.

அடுத்த கேள்விக்கான விடை வர இரண்டாண்டுகள் ஆயின. 2023-24 நிதிநிலை அறிக்கையில் ‘தகுதிவாய்ந்த’ என்ற அடைமொழியோடு திட்டம் அறிவிக்கப்பட்டு, 7,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், மின்நுகர்வு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்ற வரம்புகள் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது பயனாளிகள் 1 கோடியே 6 இலட்சம் பேர். வாக்குறுதி பெருமளவில் நிறைவேறியது என்று சொல்ல இடமுண்டு. விடுபட்டவர்களுக்கு அது உடைந்த வாக்குறுதி என்று சொல்லவும் இடமுண்டு. அந்த ஓர் அடைமொழி 2021 மார்ச்சிலேயே கேட்டு வாங்கப்பட்டிருந்தால், இரண்டு பேச்சுக்கும் தேவை குறைந்திருக்கும். தி.மு.க.வின் அதே 2021 தேர்தல் அறிக்கையில் இருந்த நீட் (மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) விலக்கு வேறு வகை. மகளிருக்குப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் மாநில அரசின் ஆணையால் ஆவது. முதல் நாள் கையெழுத்திலேயே ஆயிற்று. நீட் விலக்கோ சட்டமன்றம் இயற்றினாலும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இன்றி நடைமுறைக்கு வராதது. சட்டமுன்வரைவு 2021 செப்டம்பரில் நிறைவேறி, ஆளுநரால் திருப்பப்பட்டு, மீண்டும் நிறைவேறி, ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டது. தன் கையில் இருப்பதையும் பிறர் கையில் இருப்பதையும் ஒரே எழுத்தளவில் அச்சிடும் அறிக்கையைப் பிரித்துக் காட்டுவதே செய்தியாளரின் வேலை.

அந்த வேலை அருகிப்போனதற்குத் தனிமனிதச் சோம்பலைவிட ஆழமான காரணங்கள் உண்டு. 1993-இல் சன் தொலைக்காட்சி, 1999-இல் ஜெயா, 2006-இல் மக்கள், 2007-இல் கலைஞர், 2010-இல் கேப்டன், 2018-இல் நியூஸ் ஜெ என்று, கட்சிகளோடு உறவுடைய அலைவரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த மாநிலம் இது. ஒரு வீட்டில் அறிக்கை வெளியீடு முழுநேர நேரலையாகவும் அடுத்த வீட்டில் ஒரு வரி ஓடுசெய்தியாகவும் கிடைக்கும்போது, வாக்காளர் தமக்குப் பிடித்த கட்சியின் வாக்குறுதியை அதன் வாயாலேயே கேட்டு முடிக்கிறார். 2006-இல் இலவசப் பெட்டி அறிவிக்கப்பட்டபோது, மாதந்தோறும் கேபிள் கட்டணம் யாருக்குப் போய்ச் சேரும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. வாக்குறுதியோடு ஊடகத்தின் நலனே பின்னிக் கிடக்கக்கூடும் என்பதை அந்தக் கேள்வி உணர்த்தியது. 2011-க்குப் பின் கட்சிச் சார்பற்றவை என்று தம்மை அறிவித்துக்கொண்ட செய்தி அலைவரிசைகள் பெருகின. ஆனால் மாலை விவாதங்களில் நான்கு கட்சிப் பேச்சாளர்களை அமர்த்தி இரைச்சலை எழுப்புவது எளிது, கோப்புகளைப் புரட்டிக் கூட்டிக் கழிப்பது செலவு பிடிப்பது.

பிற நாடுகள் இதற்குச் சில வழிகளைக் கண்டிருக்கின்றன. நெதர்லாந்தில் மத்தியத் திட்டப் பணியகம் என்ற அரசுசார் ஆய்வு அமைப்பு, 1986 முதல் கட்சிகள் விரும்பித் தரும் தேர்தல் அறிக்கைகளின் வரவு செலவு விளைவுகளைக் கணக்கிட்டு வாக்குப்பதிவுக்கு முன்பே வெளியிடுகிறது. கணக்கில் நன்றாகத் தெரியும்படி கட்சிகள் வாக்குறுதிகளைச் செதுக்கிக்கொள்கின்றன என்ற குறையும் அதன்மீது உண்டு. அமெரிக்காவில் ஒபாமா வேட்பாளராக இருந்தபோது அளித்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாக்குறுதிகளை பாலிட்டிஃபாக்ட் என்ற செய்திப் பிரிவு பட்டியலிட்டு, நிறைவேறியது, உடைந்தது என்பவற்றோடு ‘சமரசம்’ என்ற மூன்றாம் வகையையும் வைத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. பெட்ரோல் விலையில் 5 ரூபாய் குறைப்போம் என்று சொன்ன தி.மு.க. 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்ததை அந்த மூன்றாம் வகையில் வைக்கலாம். மூன்று படிக்கும் ஒரு படிக்கும் இடையே ஓர் அளவுகோல் வேண்டும் என்பதை அந்தச் செய்தியாளர்களும் உணர்ந்திருக்கிறார்கள்.

கணக்குக் கேட்கப்படாத வாக்குறுதியின் விலையை அறிய, பாக் நீரிணையைத் தாண்டினால் போதும். 2019 நவம்பரில் நடந்த இலங்கை அதிபர் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைப்பதாக வாக்களித்து, வென்ற சில வாரங்களுக்குள் நிறைவேற்றினார். அரசின் வருவாய் சரிந்தது, 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்தியபோது அதற்கான காரணங்களுள் இவ்வரிக் குறைப்பும் ஒன்றாக எண்ணப்பட்டது. இயற்கை வேளாண்மைக்குப் பத்தாண்டுகளில் மாறுவோம் என்பதும் அவருடைய அறிக்கையில் இருந்தது. 2021-இல் இரசாயன உரம் ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்டது. சொன்னதைச் சொன்னபடி செய்ததாலும் கேடு வரலாம், சொன்ன காலவரையறையை விட்டுவிட்டதாலும் வரலாம் என்பதற்கு ஒரே அறிக்கை இரண்டு சான்றுகளையும் தந்துவிட்டது.

தலைவர்களை எதிரெதிரே அமர்த்திக் கேட்பது மற்றொரு வழி. 1960 செப்டம்பரில் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் வாதிட்டது அமெரிக்காவில் ஒரு மரபுக்கு வித்திட்டது. பட்டிமண்டபத்தை மணிமேகலைக் காலத்திலேயே அறிந்த தமிழ்ச் சமூகத்தில், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மாமியாரா மருமகளா என்று நடுவர் வைத்து வாதிடும் வழக்கம் இன்றும் தழைத்திருக்க, முதல்வர் பதவியை நாடும் இருவர் ஒரே மேடையில் நடுவர் முன் அமர்ந்து தம் அறிக்கைகளுக்கு விடை சொல்லும் வழக்கம் வேர்கொள்ளவில்லை. 2021 தேர்தலுக்கு முன்னும் விவாதத்துக்கு அறைகூவல்கள் பறந்தன, மேடை அமையவில்லை.

2022 ஆகஸ்டில், 2013-ஆம் ஆண்டின் தீர்ப்பை மறுபடி ஆராயும்படி, இலவச வாக்குறுதிகள் பற்றிய வழக்கை உச்ச நீதிமன்றம் மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. அவ்வாண்டு அக்டோபரில், வாக்குறுதியால் எத்தனை பேர் பயன்பெறுவர், எவ்வளவு செலவாகும், வரியைக் கூட்டியா, கடன் வாங்கியா, வேறு செலவைக் குறைத்தா பணம் திரட்டப்படும் என்று கேட்கும் படிவம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் கட்சிகளின் கருத்துக்கு முன்வைத்தது. ஆணையம் தன் அதிகார எல்லையை மீறுகிறது என்று காங்கிரஸ் உள்ளிட்ட எதிர்க்கட்சிகள் பல மறுத்தன. அந்த மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை, வாக்குறுதிகளைச் சல்லடை போடும் வேலையை ஓர் ஆணையத்திடம் ஒப்படைப்பது அரசியலையே சுருக்கிவிடக்கூடும். எனினும் அப்படிவத்தின் கட்டங்கள் கேட்கும் எண்களில் பெரும்பகுதி, மாநில நிதிநிலை அறிக்கையிலும் உணவுத் துறையின் குடும்ப அட்டைக் கணக்கிலும் ஏற்கெனவே அச்சேறிக் கிடக்கிறது. ராயப்பேட்டையிலோ தேனாம்பேட்டையிலோ அறிக்கை வெளியான அன்று மாலையே, எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல், அந்தக் கட்டங்களை ஒரு செய்தியாளர் நிரப்பிவிட முடியும்.